சர்வர் அறையில் ஒன்பது கிண்ணங்கள்

அத்தியாயம் 6

"தொண்ணூற்றாறு சதவீதம் எந்திரம்" என்று அந்தத் தாளில் அச்சாகியிருந்தது.

யெதம் என்ற பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி தன்னைப் பற்றித் தானே எழுதிய கடிதத்துக்குக் கிடைத்த தீர்ப்பு அது. அம்மா மீன் கேக் ஆலையில் நின்றுகொண்டே வேலை பார்ப்பது, வீட்டில் மேசை இல்லாததால் துணி துவைக்கும் மெஷின் மேல் நோட்டை வைத்துப் படிப்பது, பெரியவளானால் என்ன ஆக ஆசை என்பதெல்லாம் இரண்டு பக்கத்தில் இருந்தது. அதைப் படித்துவிட்டு ஓர் எந்திரம், "இதை எழுதியது ஓர் எந்திரம்" என்று சொல்லியிருக்கிறது. ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை.

"இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணிதான் கடைசி" என்றாள் பெண்ணின் அம்மா. ஆலைச் சட்டையைக் கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். அறை முழுக்க மீன் வாசம். "அஞ்சு மணிக்குள்ள ஸ்கூல்லேர்ந்து கடிதத்தை அனுப்பணும். இல்லேன்னா அந்த விடுதிப் பள்ளிக்கூடம் இவளுக்கு இல்ல. வருஷத்துக்கு ஒரு தடவைதான் சேர்க்கை. எந்திரம் தப்புன்னு சொன்னதை நாங்க எப்படி அனுப்புறதுன்னு துணைத் தலைமையாசிரியர் கையை விரிச்சுட்டாரு."

"பொண்ணு என்ன சொல்றா, யெதம் அம்மா?" என்று கேட்டார் பியோ மல்சுன் அக்கா. இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்க் காயக் கட்டுகளை அவிழ்த்துப் பார்த்தவர். இப்போது கொரியாவின் தேகு நகரத்தில், ஒரு முடிதிருத்தும் கடையின் மாடியில், எங்கள் துப்பறியும் அலுவலகம். எங்கள் என்றால் அக்காவும் நானும்.

"நேத்துலேர்ந்து பேச மாட்டேங்குறா. 'நான்தான் எழுதினேன்'னு ஒரு தடவை சொன்னா. அவ்வளவுதான்."

"நீங்க ஸ்கூல்ல சண்டை போட்டீங்களா?"

"நானா? படிச்சவங்ககிட்ட நான் என்னத்தப் பேசுறது?"

அக்காவின் முகம் புளித்த பாலைக் குடித்த மாதிரி ஆனது.

தீர்ப்புச் சொன்ன எந்திரத்தின் பெயர் நூரி. சேம்பித் டியூஷன் சென்டருடையது. பிள்ளைகள் எழுதியது சொந்த எழுத்தா என்று சோதிக்க மூன்று பள்ளிகள் அதை வாடகைக்கு எடுத்திருக்கின்றன. யெதமின் பள்ளியும் அதில் ஒன்று. யெதம் அதே சென்டரில் எட்டு மாதமாகக் கட்டுரை எழுதப் படித்தவள். டேப்லெட்டில் எழுதி அனுப்புவாள். நூரி திருத்தி, கையெழுத்து மாதிரியே சிவப்பில் குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பும். 'உண்மையான ஆசிரியரின் கையெழுத்துபோல் கனிவானது' என்று விளம்பரம். அந்தத் தாள்களையெல்லாம் பிரின்ட் எடுத்துக் கட்டாகக் கொண்டுவந்திருந்தாள் அம்மா. எங்களிடம் இருந்த துப்பு அந்தக் கட்டு ஒன்றுதான்.

அக்கா ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் புரட்டிவிட்டார். எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்கியவன் நான். நாற்பது வயதில்தான் எழுத்துப் படித்தேன். ஒவ்வொரு எழுத்தையும் முதுகில் ஏற்றி, இறக்கித்தான் அடுத்ததுக்குப் போக முடியும். அதனால் எதையும் தாண்டிப் போக எனக்குத் தெரியாது.

"அக்கா, இந்த எந்திரம் ரொம்ப மரியாதைக்காரப் பய."

"ஏன், உனக்கு வணக்கம் சொல்லுச்சா?"

"எல்லாத்தையும் சிவப்புல எழுதியிருக்கு. 'யெதம், இந்த இடத்துல அவசரப்படாதே', 'யெதம், முடிவு சப்புன்னு இருக்கு'. ஆனா 'யெதம்'ங்கிற பேரை மட்டும் நீலத்துல எழுதியிருக்கு. நாப்பது தாள்லயும் அப்படித்தான்."

அக்கா நிமிர்ந்தார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சிவப்புப் பேனாவை எடுத்து நீட்டினார்.

"இந்தா. யெதம்னு எழுது."

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "என்னக்கா இது! உயிரோட இருக்குற பிள்ள."

"சரி, உன் பேரை எழுது."

"என் பொண்டாட்டி கேட்டா சந்தோஷப்படுவா. இருந்தாலும் வேணாம். செத்தவன் பேரைத்தானே சிவப்புல எழுதுவாங்க? எனக்கு இன்னும் முதுகு வலி இருக்கு, அப்போ உசுரோடதான் இருக்கேன்."

"உனக்குப் பயம் இருக்கு. எனக்கும் இருக்கு. எங்கம்மா அதுக்காக என் கையில அடிச்சிருக்கா. எந்திரத்த யாரு அடிச்சா?"

"அந்தப் பழக்கத்தையும் சொல்லிக் குடுத்திருப்பாங்களோ என்னவோ."

"இருக்கலாம்" என்றார் அக்கா. "அப்படிச் சொல்லிக் குடுத்திருந்தா, தப்பே வராது. தேடு."

தேடினேன். ஆகஸ்ட் மாதத்துத் தாள் ஒன்றில் கிடைத்தது. யெதம் என்ற பெயர் எங்கள் எழுத்தில் ஒரு வட்டத்தில் தொடங்கும். அந்தத் தாளில் சிவப்பில் பாதி வட்டம் இருந்தது. அதன்மேல் பதறியடித்து இரண்டு கோடு கிழித்திருந்தது. பக்கத்தில், நீலத்தில், முழுப் பெயர்.

அக்கா அந்தப் பாதி வட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"அவசரத்துல பேனாவை மாத்த மறந்து, பாதியில நாக்கைக் கடிச்சுக்கிட்டிருக்கு. எந்த எந்திரத்துக்கு நாக்கு இருக்கு, தோசிக்?"

யெதம் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

---

சேம்பித் டியூஷன் சென்டர் ஆறு மாடிக் கட்டடம். வாசலில் ஆள் உயரப் பலகை: 'களைப்படையாத ஆசிரியர். கோபப்படாத ஆசிரியர். உங்கள் குழந்தையை மட்டுமே நினைக்கும் ஆசிரியர்.'

"கல்யாண விளம்பரம் மாதிரி இருக்குக்கா" என்றேன்.

அன்று பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் பள்ளி நிறுவிய நாள் விடுமுறை. விடுமுறை என்றால் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்களா? இங்கே கொண்டுவந்து தள்ளியிருந்தார்கள். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் இருபது பேர் டேப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு டேப்பின் மூலையிலும் ஒரு எண்: கவனம் 88, கவனம் 64. மூக்கொழுகிய ஒரு சின்னப் பெண் இரண்டு விரலால் தன் இமையை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். இமை கீழே விழுந்தால் எண்ணும் விழுமாம். கண்ணில் நீர் வடிந்துகொண்டிருந்தது. எண் 91. பக்கத்தில் நின்ற மேற்பார்வைப் பெண் அவள் தலையைத் தடவி, "சபாஷ்" என்றாள்.

சந்தையில் கோழிகளைக் கூண்டில் அடைத்துப் பார்த்திருக்கிறேன். கோழிக்கு யாரும் சபாஷ் சொன்னதில்லை.

நிர்வாகி யொம் கிதே எங்களை எழுந்து நின்று வரவேற்றார். பல் முழுக்கப் புதுசு. யெதம் பெயரைச் சொன்னதும் சோகமாகத் தலையாட்டினார். சோகத்தையும் எங்கோ வகுப்புக்குப் போய்ப் படித்திருப்பார் போலிருந்தது.

"எங்களுக்கும் வருத்தம்தான் மேடம். ஆனா நூரிக்கு வேண்டியவங்க, வேண்டாதவங்க கிடையாது. பணக்காரன் ஏழைன்னு பார்க்காது. மனுஷங்கதான் பாரபட்சம் பார்ப்பாங்க."

"நூரிகிட்ட நேரா ஒரு கேள்வி கேக்கலாமா?"

"தாராளமா!" ஒரு டேப்பை நகர்த்தினார்.

அக்கா எழுதினார்: 'எனக்கு ஐம்பத்தெட்டு வயது. ஒரு புகார் எழுதப் போகிறேன். எப்படித் தொடங்கட்டும்?'

திரையில் ஒரு வட்டம் சுழன்றது. சுழன்றது. சுழன்றுகொண்டே இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு இருபத்திரண்டு.

"இப்போ அப்டேட் ஆகுற நேரம்" என்றார் யொம். "சரியா ஒரு மணிக்கு வந்துடும்."

"தினமுமா?"

"தினமும் மேடம். அதனாலதான் அது எப்பவும் புதுசாவே இருக்கு."

"ஞாயித்துக்கிழமை?"

"அன்னைக்கு முழு அப்டேட்."

"பாவம்" என்றேன் நான். "சந்தையில எங்களுக்கு இவ்வளவு அப்டேட் குடுத்ததில்ல சார்."

யொம் என்னை அப்போதுதான் பார்த்தார். என் காலணியையும் பார்த்தார். பிறகு மறுபடி அக்காவிடம் திரும்பிக்கொண்டார்.

"பேரை மட்டும் நீலத்துல எழுதுதே, ஏன்?"

"கவனிச்சீங்களா!" யொம் பூரித்துப் போனார். "நம்ம மண்ணோட பண்பாட்டை நூரிக்குக் கத்துக்குடுத்திருக்கோம். வெளிநாட்டு எந்திரங்கள் அதெல்லாம் செய்யாது."

"நல்ல வளர்ப்பு. அது இருக்குற இடத்தைப் பார்க்கலாமா?"

"சர்வர் அறை அடித்தளத்துல இருக்கு மேடம். பதினெட்டு டிகிரிக் குளிர். தூசி படக்கூடாது. நானே உள்ள போறதில்ல."

அக்கா நன்றி சொல்லி, குனிந்து, விடைபெற்றார். லிஃப்டில் ஏறியதும் அடித்தளப் பொத்தானை அமுக்கினார்.

"அக்கா, நாம போனா தூசி."

"நான் குளிச்சுட்டுத்தான் வந்தேன். நீ ஓரமா நில்லு."

---

அடித்தளத்தில் ஒரு நீளமான நடை. விளக்கு மங்கல். கடைசியில் இரும்புக் கதவு. 'சர்வர் அறை. அனுமதியின்றி நுழையக்கூடாது.'

கதவுக்கு வெளியே, தரையில், செய்தித்தாள் விரித்து அடுக்கியிருந்தார்கள். கறுப்பு நூடுல்ஸ் சாப்பிட்ட கிண்ணங்கள். கடைக்காரன் வந்து எடுத்துப் போக எல்லா அலுவலகங்களிலும் வாசலில் வைக்கிற மாதிரி.

நான் குந்தி உட்கார்ந்து எண்ணினேன்.

"ஒம்பது சர்வர்க்கா. நல்ல பசி. ஒண்ணு மட்டும் வெங்காயத்தை ஓரமா ஒதுக்கி வச்சிருக்கு. இன்னொண்ணு முள்ளங்கித் துண்டுல ஒண்ணக்கூட விடல."

அக்கா சிரிக்கவில்லை. கதவைக் காட்டினார். நான் கதவைத் தட்டினேன்.

"கிண்ணம் எடுக்க வந்திருக்கேங்க!"

தாழ்ப்பாள் விலகியது. முழங்கை வரை ஒரு கை வெளியே வந்தது. ஒரு வெறும் தட்டு.

"கொழுக்கட்டைத் தட்டு ஒண்ணு இருக்கு, இதையும் எடுத்துக்கங்க. நாளைக்கு முள்ளங்கி கொஞ்சம் சேர்த்து வைக்கச் சொல்லுங்க அண்ணே."

நான் தட்டை வாங்கிக்கொண்டேன். அக்கா தன் காலணியைக் கதவிடுக்கில் வைத்தார்.

உள்ளே ஜன்னல் இல்லை. நீளமான மேசை. இரண்டு பக்கமும் ஒன்பது பேர், பஞ்சுக் கோட்டு போட்டுக்கொண்டு. ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு டேப், மேலே ஒரு குட்டி விளக்கு. வெங்காய வாசனை, ஈரக் காலுறை வாசனை. ஒருவர் மேசையில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். ஒன்பதில் நான்கு பேருக்காவது தலை நரைத்திருந்தது. அறையில் சர்வர் எதுவும் இல்லை. மூலையில் வெந்நீர்க் கெண்டி ஒன்று இருந்தது.

"நூரி யாருங்க?" என்று கேட்டார் அக்கா.

கடைசி நாற்காலியில் இருந்த பெண், வகுப்பில் கேள்விக்குப் பதில் தெரிந்தும் பயப்படுகிற மாணவி மாதிரி, கையைப் பாதி உயர்த்தினாள்.

"நாங்க எல்லாருமே."

"யெதமோட நூரி?"

கை கீழே இறங்கியது. "அது நான்."

அவர் பெயர் பான் சொன்ஹீ. நாற்பத்தைந்து வயது இருக்கும். இதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் பன்னிரண்டு வருடம் இலக்கியம் நடத்தியவராம். நூரி வந்ததும் ஆசிரியர்களை நிறுத்திவிட்டார்கள். ஒரு மாதம் கழித்து, பாதிச் சம்பளத்துக்கு, அடித்தளத்துக்குக் கூப்பிட்டார்கள்.

"நூரியை எடுத்துட்டு உங்களை உக்கார வச்சாங்களா?" எனக்குத் தலை சுற்றியது.

"நூரி எழுதினது நல்லா இல்லன்னு புகார் வந்துச்சு. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வாக்கியத்தை எழுதுச்சாம். நாங்க எழுத ஆரம்பிச்சதும், நூரி பிரமாதம்னு பாராட்டு வந்துச்சு."

"இந்தத் தொண்ணூத்தாறு?" அக்கா யெதமின் தாளை மேசையில் வைத்தார். "இது எப்படிக் கணக்குப் போட்டீங்க டீச்சர்?"

பான் டீச்சர் அந்தத் தாளைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம்.

சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. தலைப்பு: 'ஒவ்வொரு பள்ளியிலும் குறைந்தது ஆறு.' கீழே பிள்ளைகளின் பெயர்கள். நிறையப் பெயர்களுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு தொலைபேசிப் படம்.

"ஆறு என்ன?"

"ஆறு திருட்டு" என்றார் பான் டீச்சர். "ஒருத்தரும் மாட்டலேன்னா, எந்திரம் வேலை செய்யலேன்னு பள்ளிக்கூடம் நினைச்சுக்குமாம். அதனால பள்ளிக்கு ஆறு பேரு. தொண்ணூறுக்கு மேல ஏதாவது ஒரு எண் போட்டுடணும்."

"அந்தத் தொலைபேசி?"

"அந்தப் பிள்ளைங்களோட அம்மா அப்பா போன் பண்ணிச் சண்டை போடுறவங்க. அவங்களைத் தொடக்கூடாது."

யெதமின் பெயருக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. சுத்தமாக இருந்தது.

படிச்சவங்ககிட்ட நான் என்னத்தப் பேசுறது என்று கேட்டவளின் மகள். சந்தையிலும் எடை குறைத்துப் போடுவான் வியாபாரி, வாய் திறக்காத ஆளாகப் பார்த்து. ஆனால் அவன் சுவரில் பட்டியல் ஒட்டி வைப்பதில்லை. அந்த அளவுக்கு அவனிடம் வெட்கம் இருந்தது.

அக்கா செல்போனை எடுத்துப் பட்டியலைப் படம் பிடித்தார். மேசையை, டேப்புகளை, வெந்நீர்க் கெண்டியை. அப்போதுதான் பின்னால் கதவு படாரென்று திறந்தது.

"இது அத்துமீறல்!" யொம்மின் புதுப் பற்கள் எல்லாம் தெரிந்தன. "போலீஸைக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடுங்க சார்" என்றேன். "கதவைத் திறந்து தட்டைக் கையில குடுத்தது உங்க சர்வர். நான் கூலிக்காரன். குடுத்தா வாங்கிக்குவேன்."

"நானே உள்ள போறதில்லன்னு சொன்னீங்களே" என்றார் அக்கா.

யொம் ஒரு நிமிடம் மூச்சு வாங்கினார். பிறகு, ஆச்சரியம், சமாதானமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அந்தக் கோபமே தேவலை.

"மேடம், நீங்க உலகம் தெரிஞ்சவங்க. நல்ல ஆசிரியர் இருக்காங்கன்னு பலகை வச்சுப் பாருங்க, ஒரு ஈ காக்கா வராது. எந்திரம்னு வைங்க, வரிசை கட்டி நிப்பாங்க. பிள்ளைக்கு மனுஷன்தான் பாடம் சொல்லித் தர்றான். நல்லாத்தான் சொல்லித் தர்றான். யாருக்கு நஷ்டம்?"

"பள்ளிக்கு ஆறு பேருக்கு" என்றார் அக்கா.

"அது... பரிசோதனைக் கட்டம்."

அக்கா அவரிடம் அதற்குமேல் பேசவில்லை. செருப்பில் ஒட்டியதைப் பார்க்கிற மாதிரி ஒரு தடவை பார்த்துவிட்டு, பான் டீச்சர் பக்கம் திரும்பினார்.

"நான் நாளைக்குக்கூடப் போலீஸுக்குப் போகலாம். இந்தப் பிள்ளைக்கு இன்னைக்கு அஞ்சு மணிதான். நீங்க வந்து, உங்க கையால எழுதிக் குடுக்கணும்."

"எனக்கு வேலை போயிடும்."

"போகும்."

அப்போது மேசை மேலிருந்த ஒன்பது டேப்பிலும் ஒரே நேரத்தில் மணி அடித்தது. மணி ஒன்று. தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து வாயைத் துடைத்துக்கொண்டார். எட்டுப் பேர் எங்களைப் பார்க்காமல் தலையைக் குனிந்து எழுத ஆரம்பித்தார்கள். அவர்களில் யாரோ ஒருவர் அக்காவின் கேள்விக்கும் பதில் எழுதியிருப்பார், புகாரை எப்படித் தொடங்குவது என்று.

பான் டீச்சர் மட்டும் பேனாவைத் தொடவில்லை.

அவர் எழுந்து வரவில்லை. உட்கார்ந்தே இருந்தார். அக்காவும் அவருக்கு எதிரே ஒரு மரப்பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். யொம் தன் வக்கீலைத் தேடி மேலே ஓடினார். நான் கதவோரம் நின்றேன். இரண்டு மணி. இரண்டரை. மூன்றேகாலுக்கு பான் டீச்சர் கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு எழுந்தார்.

"பேப்பர் இருக்கா?" என்று கேட்டார். "நிஜப் பேப்பர்."

---

பஸ்ஸில் பான் டீச்சர் என் முதுகை மேசையாக வைத்து, நூரி யார், அந்த எண் எப்படி வந்தது என்று எழுதினார். மூன்று முறை கிழித்தார். நாலாவது தடவை நின்றது. பள்ளிக்குள் நுழைந்தபோது நாலு இருபது. யெதமும் அம்மாவும் துணைத் தலைமையாசிரியர் அறை வாசலில் நின்றிருந்தார்கள். யெதம் ஒல்லி. முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டிருந்தாள். யாரையும் பார்க்கவில்லை.

துணைத் தலைமையாசிரியர் பான் டீச்சரின் கடிதத்தையும் அக்காவின் போனில் இருந்த படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். காது சிவந்தது.

"அடடா" என்றார். "நூரியைப் பத்திப் பள்ளிக் கையேட்டுல அச்சடிச்சுட்டோமே."

ஒரு பிள்ளையின் எதிர்காலத்தை நேற்று வெட்டியபோது இந்த மனிதருக்குக் கைதான் விரிந்தது. கையேடு என்றதும்தான் காது சிவக்கிறது. எனக்குத் துப்ப வேண்டும்போல் இருந்தது. பள்ளிக்கூடம் என்பதால் விழுங்கினேன்.

"யெதம் கடிதத்தை அனுப்பிடுறேன்" என்றார்.

"மத்த அஞ்சு பேரோடதும்" என்றார் அக்கா.

"அவங்க வீட்டுலேர்ந்து யாரும் வந்து கேக்கலையே மேடம்."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நான் கேக்குறேன். ஆறையும் அனுப்புங்க. நான் பார்த்துட்டுப் போறேன். இல்ல, இந்தப் படங்களை உங்க கையேட்டுக்கே தரட்டுமா?"

நாலு நாற்பத்தெட்டுக்கு ஆறாவது கடிதம் போய்ச் சேர்ந்ததாகத் திரையில் வந்தது. வாசலில் நின்ற யெதம் அம்மா சுவரில் சாய்ந்து, அப்படியே கீழே சரிந்து உட்கார்ந்தாள். அழவில்லை. முழங்காலை மட்டும் பிடித்துக்கொண்டாள். நாள் முழுக்க நின்றவளின் முழங்கால்.

வெளி நடையில் பான் டீச்சர் காத்திருந்தார். யெதமைக் கண்டதும் இடுப்பு வரை குனிந்தார்.

"மன்னிச்சுடு. நான்தான் நூரி. அந்த எண்ணைப் போட்டதும் நான்தான்."

யெதம் அவரைப் பார்த்தாள். நேற்றிலிருந்து பேசாதவளின் பேச்சு மெதுவாக வந்தது.

"ஜூன் மாசம், துணி துவைக்கிற மெஷின் அதிர்றப்ப என் எழுத்தும் அதிருதுன்னு எழுதியிருந்தேன். அந்த வரியைச் சுத்தி வட்டம் போட்டு, 'இதை இன்னிக்கு மூணு தடவை படிச்சேன்'னு எழுதினது...?"

"நான்தான்மா." பான் டீச்சரின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "அதையெல்லாம் எழுதச் சொல்லி எனக்கு யாரும் உத்தரவு போடல. நானா எழுதினது."

"அக்டோபர்ல, 'ஆயிரம் பேர் எழுத்துக்கு நடுவுல கலந்து வச்சாலும் உன் எழுத்தை நான் கண்டுபிடிச்சுடுவேன்'னு..."

"ஆமாம்மா. அதுவும் நான்தான். பொய் இல்ல. நிஜமாவே கண்டுபிடிச்சுடுவேன்."

யெதம் தலையாட்டினாள். ஒரு கணக்கு சரியாக வந்துவிட்ட மாதிரி.

"அப்போ, அந்தக் கடிதத்தை எழுதினது நான்தான்னு, உலகத்துலயே உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்."

பான் டீச்சரின் முகத்தைப் பார்த்தேன். அந்த வெளிச்சம் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

ஆசிரியரை விட்டு விலகும்போது பிள்ளைகள் தலை குனிந்து வணங்கிவிட்டுத்தான் போவார்கள். யெதம் துணைத் தலைமையாசிரியருக்குக் கூட வணங்கிவிட்டுத்தான் வந்திருந்தாள். இப்போது அம்மாவைக் கைகொடுத்து எழுப்பினாள். முகக்கவசத்தை மூக்கு வரை ஏற்றிக்கொண்டாள். நேராக நிமிர்ந்தபடியே பான் டீச்சரைக் கடந்து, படியிறங்கிப் போனாள்.